மூணாவது நாள் நல்லாத்தான் இருக்கும்

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன்.

என்கூட ஷிஃப்டு பார்த்த தம்பி. என்கிட்டதான் வேலை பழகினான். இப்ப வேற ஐஸ் கம்பெனில கம்ப்ரசர் ஆபரேட்டர்.

"அண்ணே, முந்தாநாத்து எங்க பிளான்ட்ல கேஸ் அடிச்சிட்டுண்ணே. என்னையும் சேர்த்து மூணு பேரு. ஆஸ்பத்திரில ஒரு ராத்திரி வச்சிருந்தாங்க. எக்ஸ்ரே கிளியர். இப்ப நல்லாருக்கேன். நாளைக்கு நைட்டு ஷிஃப்டுக்குப் போறேன்."

நல்ல சேதின்னு நினைச்சுத்தான் கூப்பிட்டிருக்கான். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே வார்த்தையை, கிட்டத்தட்ட இதே வரிசையில, நான் எங்க அக்காகிட்ட போன்ல சொல்லியிருக்கேன். எக்ஸ்ரே கிளியர். நல்லாருக்கேன். நாளைக்கு வேலைக்குப் போறேன்.

இன்னிக்கும் என் தலகாணிக்குக் கீழ பம்பு இருக்கு. (எங்க ஊர்ல இன்ஹேலரை பம்புன்னுதான் சொல்லுவோம்.)

தூக்கம் வரல. அதான் எழுத உக்காந்துட்டேன். நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

ஐஸ் கம்பெனியைப் பார்க்காதவங்களுக்காகக் கொஞ்சம். தூத்துக்குடில கடலுக்குக் கிளம்புற விசைப்படகு ஐஸ் ஏத்தாம கிளம்பாது. அந்த ஐஸ் பெரிய உப்புத்தண்ணித் தொட்டியில உருவாகுது. பிரைன் டேங்க்னு சொல்லுவோம். தொட்டிக்குள்ள வரிசையா தகர கேன், கேனுக்குள்ள நல்ல தண்ணி. சுத்தி இருக்கிற உப்புத்தண்ணி பூஜ்யத்துக்குக் கீழ போயும் உறையாது, ஆனா கேன்ல இருக்கிற தண்ணி உறைஞ்சிடும். அந்த உப்புத்தண்ணியைக் குளுர வைக்கிறது அமோனியா. விலை கம்மி, குளிர் ஜாஸ்தி. மைனஸ் 33 டிகிரியிலயே கொதிச்சு ஆவியாகுற சாமான் அது. அதனாலதான் உலகம் பூரா ஐஸ் பிளான்ட்லயும் மீன் கம்பெனிலயும் இன்னும் அதையே வச்சிருக்காங்க.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல கடலுக்கடியில போற குழாய்ல அமோனியா கசிஞ்சு, பெரியகுப்பம் ஜனம் தூக்கத்துல எழுந்து ஓடினது ஞாபகம் இருக்கும். அது செய்தியில வந்துச்சு. நாலு சுவத்துக்குள்ள ரெண்டு பேருக்கு, மூணு பேருக்கு அடிக்கிறது எந்தச் செய்தியிலயும் வராது.

எனக்கு அடிச்சது ஆயில் டிரெயின் பண்ணும்போது.

கம்ப்ரசர்ல போடுற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா கேஸோட சேர்ந்து லைனுக்குள்ள போயிடும். அமோனியாவும் அந்த எண்ணெயும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. எண்ணெய்தான் கனம், அதனால அடியில தங்கும். அப்பப்ப கீழ இருக்கிற வால்வைத் திறந்து அதை வடிக்கணும். குளிர்ல எண்ணெய் கெட்டியா, பாகு மாதிரி, சொட்டுச் சொட்டாத்தான் வரும். திடீர்னு நின்னுடும். அடைச்சிருக்கு போலன்னு நினைச்சு இன்னும் அரைச் சுத்து திறப்போம். அந்த நேரத்துல எண்ணெய் தீர்ந்து, அதுக்குப் பின்னாடி நிக்கிற திரவ அமோனியா அப்படியே பீறிட்டு வரும்.

எத்தனையோ ஐஸ் கம்பெனில இப்படித்தான் நடந்திருக்கு. கையை எடுத்தா தானா மூடிக்கிற ஸ்பிரிங் வால்வு இருக்கு. அதை அந்த இடத்துல மாட்டியிருந்தா, மனுஷன் பயந்து ஓடுற அந்த நொடியில அதுவே அடைச்சிடும். நான் வேலை பார்த்த இடத்துல அது இல்ல. கேஸ் மாஸ்க் இருந்துச்சு. ஆபீஸ் ரூம் பீரோக்குள்ள. சாவி பகல் ஷிஃப்டு சூப்பர்வைசர்கிட்ட.

விடியக்காலை மூணரை மணி.

வெள்ளையா ஒரு மூட்டம். கண்ணு தானா இறுக்க மூடிக்கிச்சு. தொண்டையில யாரோ கை வச்சு நெரிச்ச மாதிரி மூச்சு நின்னுபோச்சு. உள்ளயும் போகல, வெளியயும் வரல. சுவத்தைத் தடவித் தடவி நகர்ந்தேன். வாசப்படின்னு நினைச்சு நான் போனது கண்டன்சர் பக்கம். லோடு ஏத்துற அண்ணாச்சி ஒருத்தர் ஈரச் சாக்கைத் தலைல போட்டுக்கிட்டு உள்ள வந்து, என் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார். இல்லன்னா இந்தப் பதிவு கிடையாது. (அமோனியா தண்ணியைக் கண்டா அதுல கரைஞ்சிடும். அதனால ஈரச் சாக்கு கொஞ்சம் தாங்கும். ஆனா அதை நம்பி யாரும் உள்ள போயிடாதீங்க. அவர் போனது எனக்காக. அந்தக் கடனை நான் எப்படி அடைக்க?)

வெளிய கொண்டுவந்து ஹோஸ் பைப்பைத் திறந்து முகத்துல, கண்ணுல அடிச்சாங்க. அது சரி. கண்ணை ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷமாவது கழுவணும், கேஸ் பட்ட சட்டையை உடனே கழட்டணும். அடுத்து ஒருத்தர் வெல்லக்கட்டியை வாயில திணிச்சார். இன்னொருத்தர் பால் வாங்க ஓடினார்.

இந்த வெல்லத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். தூசி பறக்குற மில்லு, சிமெண்ட், கேஸ் எதுவா இருந்தாலும் நம்ம ஊர்ல வெல்லம்தான் மருந்து. நெஞ்சை அறுத்துடும், வெளிய தள்ளிடும்னு நம்பிக்கை. அன்போட குடுக்கிறாங்க, அதை நான் குறை சொல்லல. ஆனா வெல்லமும் பாலும் போறது உணவுக்குழாய்ல. கேஸ் போனது மூச்சுக்குழாய்ல. தொண்டை வீங்கி, மூச்சுக்கே தவிக்கிறவன் வாயில எதையாவது போட்டா அது புரையேறி நுரையீரலுக்குள்ள போற ஆபத்துதான் ஜாஸ்தி. தயவுசெஞ்சு குடுக்காதீங்க. நிமிர்த்தி உக்கார வச்சு, ஆக்சிஜன் இருக்கிற இடத்துக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

ஆஸ்பத்திரில நெபுலைசர் வச்சாங்க, ஊசி போட்டாங்க. எக்ஸ்ரே கிளியர். ஒரு ராத்திரி இருமல் விடவே இல்ல. ரெண்டாம் நாள் குறைஞ்சுது. மூணாம் நாள் வீட்டுல மீன் குழம்பு ஊத்தி ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். நாலாம் நாள் ஷிஃப்டு.

இங்கதான் எனக்குத் தெரியாம போன விஷயம் இருக்கு. அமோனியா பலமா அடிச்சவங்கள்ல சிலருக்கு இது ரெண்டு கட்டமா வரும். முதல்ல எரிச்சல், வீக்கம், மூச்சுத்திணறல். ரெண்டு மூணு நாள்ல குறையும். ஆளு தேறிட்ட மாதிரியே இருக்கும். அதுக்கப்புறம் உள்ள வெந்துபோன சவ்வு உரிஞ்சு, சளி அடைச்சு, கிருமி சேர்ந்து, மெதுவா மூச்சுக்குழாய் சுருங்க ஆரம்பிக்கும். எல்லாருக்கும் அப்படி ஆகாதுங்க. நிறைய பேர் ஒரு குறையும் இல்லாம தேறிடுறாங்க. ஆனா நீங்க எந்தப் பக்கம்னு மூணாவது நாள் உங்க உடம்பு சொல்லாது.

வெத்தலைல சுண்ணாம்பு கூடிப்போனா நாக்கு வெந்துபோகும்ல? அந்த மாதிரிதான். அமோனியா ஈரத்தோட சேர்ந்தா காரமா மாறிடும். திராவகம் பட்டா தோல் கருகி ஒரு பொருக்கு கட்டும், அந்தப் பொருக்கே ஓரளவு தடுப்பு. காரம் அப்படி நிக்காது. சதையில இருக்கிற கொழுப்பைக் கரைச்சுக்கிட்டே உள்ள போகும். நுரையீரலுக்குள்ள இருக்கிறது பூரா ஈரம்தானே.

எனக்கு அந்த ரெண்டாவது கட்டம் ரெண்டாவது வாரம் ஆரம்பிச்சுது. பிளான்ட் மாடிப்படி பதினாலு. பன்னண்டாவது படில நின்னுட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்துற மாதிரி சத்தம். என் வீட்டுக்காரி எழுந்து லைட்டைப் போட்டுட்டு, வீட்டுக்குள்ள பூனை வந்துடுச்சான்னு தேடினா.

மூணு டாக்டர். மூணு இருமல் மருந்து. ஒருத்தர் தூசி அலர்ஜின்னார். ஒருத்தர் சிகரெட்டை விடுங்கன்னார். (நான் வாழ்க்கைல ஒரு சிகரெட் கூடப் பிடிச்சதில்ல.) கம்பெனில, "ஒரு தடவை பயந்தவனுக்கு அப்படித்தாம்ப்பா இருக்கும், எல்லாம் மனசு"ன்னாங்க. அதை நானே பாதி நம்பிட்டேன். அதுதான் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது.

நாலாவதா ஒரு நெஞ்சக நோய் டாக்டரம்மா. திருநெல்வேலி வரைக்கும் போனேன். ஸ்டெதாஸ்கோப்பைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டாங்க.

"என்ன வேலை பாக்கீங்க?"

அவ்வளவுதான். அதுவரைக்கும் யாருமே கேக்காத கேள்வி.

ராமசினின்னு இத்தாலில ஒரு டாக்டர், 1700லேயே தொழிலாளிகளுக்கு வர்ற நோயைப் பத்தி ஒரு புத்தகம் போட்டிருக்கார். நோயாளிகிட்ட ஏற்கெனவே கேக்கிற கேள்விகளோட, உன் தொழில் என்னன்னும் கேளுன்னு அதுல எழுதியிருக்காராம். அவங்கதான் சொன்னாங்க. 300 வருஷத்துக்கு மேல ஆகுது. எனக்கு அந்தக் கேள்வி வந்து சேர மூணு மாசம் ஆச்சு.

அப்புறம் ஊதச் சொன்னாங்க. ஸ்பைரோமெட்ரி. மூக்குல கிளிப்பு, வாயில குழாய். முடிஞ்ச மட்டும் மூச்சை இழுத்து, ஒரே வேகத்துல ஊதி, காத்து தீர்ந்தப்புறமும் விடாம ஊதிக்கிட்டே இருக்கணும். ஆறு செகண்டு. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. முதல் செகண்டுல எவ்வளவு காத்து வெளிய வருதுங்கிறதுதான் முக்கியமான கணக்கு. என் வயசுக்கும் உயரத்துக்கும் வரவேண்டியதுல 62 சதவீதம்தான் வந்துச்சு. பம்பு குடுத்து, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி ஊதினேன். ஏறிச்சு. 12 சதவீதமும் 200 மில்லியும் தாண்டி ஏறினா, சுருங்கின குழாய் மருந்துக்கு விரியுதுன்னு அர்த்தமாம்.

அதே நாள் எடுத்த எக்ஸ்ரே? கிளியர்.

இதைப் புரிஞ்சுக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. எக்ஸ்ரே ஒரு போட்டோ. நிமோனியா, நீர் கோர்த்தது இதெல்லாம் தெரியும். குழாய் சுருங்கி காத்து வெளிய வர மாட்டேங்குது அப்படிங்கிறது போட்டோல விழாது. மூடியிருக்கிற கதவோட படத்தைப் பார்த்து கீல் துருப்பிடிச்சிருக்கான்னு சொல்ல முடியுமா? திறந்து பார்க்கணும்ல.

எனக்கு வந்ததுக்குப் பேர் ராட்ஸ். 1985ல ப்ரூக்ஸ்னு அமெரிக்க டாக்டரும் அவரோட இருந்தவங்களும் பேர் வச்சது. முன்னாடி எந்த மூச்சுத் தொந்தரவும் இல்லாத 10 பேர், ஒரே ஒரு தடவை பலமா கேஸோ புகையோ இழுத்து, அதுக்கப்புறம் ஆஸ்துமா மாதிரியே வருஷக்கணக்கா கஷ்டப்பட்டதை எழுதியிருந்தாங்க. 24 மணி நேரத்துக்குள்ள தொந்தரவு ஆரம்பிக்கணும், மூணு மாசத்துக்கு மேல நீடிக்கணும். எனக்கு ரெண்டும் பொருந்திச்சு. அந்தப் பேரைக் கேட்டப்ப எனக்கு அழுகை வந்துடுச்சுங்க. பயத்துல இல்ல. மனசு இல்லடா, நெஞ்சுதான்னு ஒருத்தர் சொல்லிட்டாங்கல்ல, அதுக்கு.

இதோட முடியாது சிலருக்கு. சின்னச் சின்ன மூச்சுக்குழாய் தழும்பு கட்டி அடைச்சே போயிடும். அது பம்புக்குத் திறக்காது. சிலருக்குக் குழாய் நிரந்தரமா விரிஞ்சு, வாழ்நாள் பூரா சளி. அதனாலதான் ரெண்டாவது தடவை போனப்ப மூச்சை வெளிய விட்ட நிலைல ஒரு சிடி ஸ்கேன் எடுத்தாங்க. காத்து எங்கயாவது சிறைப்பட்டு நிக்குதான்னு பார்க்கிறதுக்கு. எனக்கு அது இல்ல. அந்த வகைல நான் குடுத்து வச்சவன்.

எல்லா கேஸும் ஒரே மாதிரி இல்லங்கிறதையும் சொல்லிடறேன். அமோனியா தண்ணில சட்டுனு கரையுறதால மூக்கு, கண்ணு, தொண்டையிலயே அடிச்சு "ஓடுடா"ன்னு விரட்டும். குளோரின் அதைவிடக் கொஞ்சம் கீழ வரைக்கும் போகும். தண்ணில லேசுல கரையாத கேஸ்தான் மோசம். தங்கப் பட்டறையில நைட்ரிக் திராவகத்துல உலோகத்தைப் போட்டா பழுப்பா ஒரு புகை வருமே, அது மூக்குல பெருசா எரியாது. அதனால ஆளு நின்னு வேலையைப் பார்த்துக்கிட்டே இருப்பான். அது நேரா அடி நுரையீரலுக்குப் போயிடும். சாயங்காலம் நடந்து வீட்டுக்கு வந்தவனுக்கு ராத்திரி நுரையீரல்ல நீர் கோர்த்துக்கும். அதுல தப்பிச்சாலும் சில வாரம் கழிச்சு இன்னொரு சுத்து வரலாம். கழிவுநீர்க் குழியில வர்ற ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் கொடூரம். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். 100 பி.பி.எம். பக்கம் போச்சுன்னா மூக்கே மரத்துப்போகும். நாத்தம் போயிடுச்சு, இனி இறங்கலாம்னு நினைச்சு இறங்கினவங்க எத்தனை பேரு.

எங்க மதினி ஒரு ஆஸ்பத்திரில ஹவுஸ்கீப்பிங். பாத்ரூம்ல ஆசிட்டை ஊத்தி, பத்தலைன்னு மேல பிளீச்சிங் பவுடரையும் போடுவாங்களாம். ரெண்டும் சேர்ந்தா வர்றது குளோரின். 1915 ஏப்ரல் 22, பெல்ஜியத்துல ஈப்ர ஊர்ப் பக்கம் ஜெர்மன் ராணுவம் எதிரி மேல விட்டது இதே குளோரினைத்தான். கதவைச் சாத்தின பாத்ரூம்ல, மாஸ்க் கூட இல்லாம, எங்க மதினி தினம் அதைச் சுவாசிச்சிருக்கா. நான் படுத்தப்புறம்தான் அவளுக்கு விஷயமே தெரியும். இப்ப அவளும் ரெண்டையும் சேர்க்கிறதில்ல, கூட வேலை பார்க்கிற அக்காங்களையும் சேர்க்க விடமாட்டேங்கிறா.

அமெரிக்காவுல கிரானிட்வில்னு ஒரு ஊர். 2005 ஜனவரி 6, விடியாத நேரம், குளோரின் ஏத்தின ரயில் டேங்கர் ஒரு நூல் மில்லுப் பக்கத்துல தடம் புரண்டு, 9 பேர் இறந்துபோனாங்க. இதுல என்னை உலுக்கினது வேற விஷயம். அந்த மில்லுத் தொழிலாளிங்களுக்கு, பஞ்சுத் தூசி சட்டப்படி, வருஷா வருஷம் ஊதுற டெஸ்ட் எடுத்து வச்சிருந்தாங்க. அதனால விபத்துக்கு முன்னாடி எவ்வளவு ஊதினாங்க, பின்னாடி எவ்வளவுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க ஒப்பிட்டுப் பார்க்க முடிஞ்சுது. குறைஞ்சிருந்தது தெரிஞ்சுது. யாரும் "உனக்கு முன்னாடியே இருந்திருக்கும்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

எனக்கு அந்த "முன்னாடி" இல்ல. நான் நல்லா இருந்தப்ப எவ்வளவு ஊதினேன்னு ஒரு காகிதத்துலயும் கிடையாது. 62 சதவீதம்னு சொன்னப்ப, கம்பெனி ஆளு கேட்டது: "அதுக்கு முன்னாடி நூறு இருந்துச்சுன்னு என்ன அத்தாட்சி?"

பதில் சொல்ல முடியல.

இன்னொரு அத்தாட்சியும் இல்லாம போச்சு. விபத்துப் பதிவேட்டுல என் பேரு ஏறவே இல்ல. "காய்ச்சல்னு லீவு போட்டுக்கோ, சம்பளம் பிடிக்க மாட்டோம்"னாங்க. நல்ல மனசுன்னு நினைச்சு கையெழுத்துப் போட்டேன். இ.எஸ்.ஐ.ல இது வேலை நேரத்துக் காயம்னு பதிவாகியிருந்தா, வேலைக்குப் போக முடியாத நாளுக்கெல்லாம் கூலியில 90 சதவீதம் வரும். நிரந்தரக் குறைன்னு மெடிக்கல் போர்டு சொன்னா அதுக்குத் தனியா மாசாமாசம். எனக்கு இருந்தது காய்ச்சல் லீவு. அதை மாத்த ரெண்டு வருஷம் நடந்தேன். கடைசில நடந்துச்சு, ஈரச் சாக்கு அண்ணாச்சி வந்து சாட்சி சொன்னதால. அவருக்கும் அப்ப அங்கதான் வேலை. அப்படியும் வந்தார்.

போபால் கேஸ் கசிவுக்கு அப்புறம் 1987ல தொழிற்சாலைச் சட்டத்துல ஒரு பிரிவு சேர்த்தாங்க: இங்க ஆபத்து இருக்குன்னு தொழிலாளி நேரா மேல சொல்ல உரிமை உண்டுன்னு. 1984 டிசம்பர்ல அந்த ராத்திரி நடந்ததுக்கு விலையா வந்த உரிமை அது. வருஷக்கணக்கா அமோனியா பக்கத்துல நின்ன எனக்கு அதை ஒருத்தரும் சொல்லித்தரல.

மருந்து விஷயத்துல நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன், தம்பிக்கு உதவும். மொதல்ல குடுத்தது மாத்திரை மாதிரி இருக்கிற கேப்ஸ்யூல். ஒரு சின்ன மெஷின்ல போட்டு, உடைச்சு, பவுடரை இழுக்கணும். கடைக்காரர் காட்டித் தரல. ரெண்டு நாள் தண்ணி ஊத்தி முழுங்கிட்டேன். அப்புறம் பம்பு. அமுக்கிறதும் இழுக்கிறதும் ஒத்துப்போகாம மருந்து பூரா நாக்குல படிஞ்சுது. ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் கூடு வாங்கினப்புறம்தான் நெஞ்சுக்குப் போச்சு. ஸ்டீராய்டு பம்பு எடுத்தா வாய் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லன்னா வாயில வெள்ளையா படியும். பம்பு பழக்கமாயிடும், வேண்டாம்னு அக்கம்பக்கத்துல சொல்லுவாங்க. அதைக் கேட்டு ஒரு மாசம் நிறுத்தினேன். பனிமய மாதா கோயில் திருவிழாக் கூட்டத்துல தூபப் புகை பட்டு, மாதா சப்பரத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே ஆட்டோல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க.

இப்ப ஐஸ் கம்பெனி வேலை இல்ல. ஒரு கடையில கணக்கு பார்க்கிறேன். வீட்டுல வத்தல் வறுக்கிற அன்னிக்கு என் வீட்டுக்காரி முன்கூட்டியே சொல்லிடுவா, நான் மொட்டை மாடிக்குப் போயிடுவேன். தினம் காலைல சாயங்காலம் ஒரு சின்னக் குழாய்ல ஊதி, அது காட்டுற எண்ணை நோட்டுல எழுதறேன். ஆரம்பத்துல 310. இப்ப 430 பக்கம் நிக்குது. 350க்குக் கீழ வந்தா டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணணும்.

தம்பிக்கு வருவோம்.

இன்னிக்குக் காலைல அஞ்சரைக்கே கூப்பிட்டேன். "ஷிஃப்டுக்குப் போகாதலே. பேசிக்கிட்டே மாடி ஏறு"ன்னேன். அவன் வீடு ரெண்டாவது மாடி. போனைக் காதுல வச்சுக்கிட்டே ஏறினான். முதல் மாடி வரைக்கும் அவனோட சின்ன மக கதையைச் சொல்லிக்கிட்டு வந்தான். அப்புறம் பேச்சு நின்னுச்சு. ரெண்டாவது மாடில இருமினான்.

"அண்ணே..."

"தெரியும்லே. உக்காரு."

விபத்துப் பதிவேட்டுல பேரு ஏத்தியாச்சான்னு கேட்டேன். காய்ச்சல் லீவு ஃபார்ம் குடுத்திருக்காங்களாம். இன்னும் கையெழுத்துப் போடல. போடாதேன்னு சொல்லிட்டேன். இன்னைக்கே சம்பவத்தை தேதி, நேரம், எந்த வால்வு, கூட யாரு இருந்தாங்கன்னு ஒரு தாள்ல எழுதி, மத்த ரெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்லியிருக்கேன். அவங்களையும் கூட்டிட்டு வரணும்.

நாளைக்கு விடியக்காலை திருநெல்வேலி பஸ். ஏழரைக்குள்ள போனாத்தான் ஓ.பி. சீட்டுல முன்னாடி நிக்க முடியும். என் பழைய ஃபைல், ஸ்பேசர், பம்பு எல்லாம் பையில எடுத்து வச்சிட்டேன். வெறும் வயித்துல வராதலே, ஊதும்போது தலை சுத்தும்னு அவன்கிட்ட சொல்லணும். இதை முடிச்சிட்டு ஒரு போன் போடறேன்.